மூடாக்கும் புது ரகமும் பலன் தருகின்றனவா என்று அளப்பது எப்படி?

கேள்வி: மானாவாரியில் மக்காச்சோளம் பயிரிடுகிறேன். மூன்று ஆண்டுகளாக மூடாக்கு (மண்ணை வைக்கோல், சருகு போன்றவற்றால் மூடுவது) இடுகிறேன். வறட்சி தாங்கும் ரகத்துக்கும் மாறிவிட்டேன். விளைச்சல் கூடியதாகத் தெரியவில்லை. கடும் வெயிலையும் பெருமழையையும் தாங்கும் நிலைக்கு என் வயல் வந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: விளைச்சல் கூடவில்லை என்பதை மட்டும் வைத்துச் செய்ததெல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மழை சீராகப் பெய்த ஆண்டில் மூடாக்கு இட்ட வயலும் இடாத வயலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே விளையக்கூடும். வேறுபாடு வெளிப்படுவது வானிலை பயிரைத் தாக்கிய ஆண்டில்தான். எனவே கெட்ட பருவத்தில் விளைச்சல் எவ்வளவு சரிந்தது, அடுத்த பருவத்தில் எவ்வளவு மீண்டது என்பதையே அளக்க வேண்டும்.

அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சில வரிசைகள் தேவை. அதே மண்ணில், அதே நாளில், அதே ரகத்தை விதைத்து, மூடாக்கு மட்டும் இடாமல் விடுங்கள்; நீங்கள் இரண்டையும் சேர்த்தே மாற்றியிருப்பதால், பழைய ரகத்தையும் மூடாக்கோடு சில வரிசைகளில் விதையுங்கள். பலன் தரும் என்று நம்பும் ஒன்றைச் செய்யாமல் விட மனம் வராதுதான். ஆனால் அந்த வரிசைகள் இல்லாவிட்டால், பயிரைக் காத்தது மூடாக்கா, ரகமா, அந்த ஆண்டின் மழையா என்று எவராலும் சொல்ல முடியாது.

மழையளவை நாள்வாரியாகக் குறித்து வையுங்கள். 100 மி.மீ. மழை ஒரே நாளில் கொட்டுவதும் பத்து நாட்களில் பரவலாகப் பெய்வதும் பயிருக்கு ஒன்றல்ல. ஆண்டின் மொத்தக் கணக்கில் இது மறைந்துவிடும்.

மிகுந்த கவனம் வேண்டியது பூக்கும் பருவத்தில். ஆண் பூவில் மகரந்தம் உதிரத் தொடங்கும் நாளையும், கதிரில் பட்டு இழை வெளிவரும் நாளையும் ஒவ்வொரு பகுதியிலும் இருபது செடிகளில் குறியுங்கள். வறட்சியில் பட்டு இழை பிந்தும். இந்த இரு நாட்களுக்கும் இடையிலான இடைவெளி நீள நீள, மணி பிடிக்காத கதிர்கள் பெருகும். ஒப்பிடுவதற்காக விட்ட வரிசைகளைவிட இந்த இடைவெளி குறைவாக இருந்தால், உங்கள் பயிர் வறட்சியைக் கூடுதலாகத் தாங்குகிறது என்று கொள்ளலாம்.

பெருமழைக்கு மண்ணைச் சோதியுங்கள். 15 செ.மீ. விட்டமுள்ள குழாய்த் துண்டைப் பாதியளவு மண்ணில் இறக்கி, சுமார் 440 மில்லி நீரை ஊற்றினால், அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். நீர் முழுதும் உறிஞ்சப்பட எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்று மூடாக்கு இட்ட, இடாத இரு பகுதிகளிலும், மண் ஒரே அளவு ஈரமாக இருக்கும்போது, ஆண்டுதோறும் பாருங்கள். மூடாக்கினால் மண்ணில் வரும் மாற்றம் விளைச்சலில் தெரிவதற்கு முன்பே பெரும்பாலும் இதில் தெரிந்துவிடும்.