ரெவிஸா, ஷெர்மனா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், ரிசீவருக்கு (பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ஆள்) பந்து கிடைக்காமல் ஓரத்தில் நின்று தடுப்பவர்கள் கார்னர்பேக்குகள். அவர்களில் டாரெல் ரெவிஸ் சிறந்தவரா, ரிச்சர்ட் ஷெர்மனா? ஷெர்மன் 37 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்தார், ரெவிஸ் 29தான். ஷெர்மன்தானே மேல்?

பதில்: இன்டர்செப்ஷனை எண்ணி இதைத் தீர்க்க முடியாது. பந்து வந்தால்தானே பறிக்க முடியும்? 2014 சீசனின் முதல் ஆட்டத்தில் கிரீன் பே அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஏரன் ராட்ஜர்ஸ், ஷெர்மன் நின்ற பக்கம் ஒரு பந்துகூட எறியவில்லை. ஆட்டக் குறிப்பில் ஷெர்மன் பெயருக்கு நேரே பந்தைப் பறித்ததாகவோ தட்டியதாகவோ ஒன்றும் இருக்காது. ஆனால் மைதானத்தின் ஒரு பக்கத்தையே அவர் மூடி வைத்திருந்தார்.

இருவருக்கும் கொடுக்கப்பட்ட வேலை என்ன என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என் வாக்கு ரெவிஸுக்குத்தான்.

2009இல் நியூயார்க் ஜெட்ஸ் பயிற்சியாளராக ரெக்ஸ் ரயன் வந்தார். குவார்ட்டர்பேக் மேல் ஆட்களை ஏவிக்கொண்டே இருப்பது அவர் பாணி. அப்படி ஏவினால் பின்னால் காவல் குறையும். அந்தச் சுமையை ரெவிஸ் தலையில் வைத்தார். எதிரணியின் முதல் ரிசீவர் எந்தப் பக்கம் போனாலும் ரெவிஸ் கூடவே போக வேண்டும், பெரும்பாலும் சேஃப்டியின் (கடைசியில் நின்று காக்கும் ஆள்) உதவி இல்லாமல். முதல் வாரம் ஹூஸ்டனின் ஆண்ட்ரே ஜான்சனுக்குக் கிடைத்தது 4 கேட்ச், 35 யார்டு. அந்த சீசனில் பந்தைப் பிடித்து லீக்கிலேயே அதிக யார்டு எடுத்தவர் அவர்! அடுத்த வாரம் நியூ இங்கிலாந்தின் ராண்டி மாஸ்: 4 கேட்ச், 24 யார்டு. 2007இல் ஒரே சீசனில் 23 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் பெறும் புள்ளி) பிடித்த மாஸுக்கு அவ்வளவுதான். சீசன் முடிந்தபோது ரெவிஸ் தட்டிவிட்ட பந்துகள் 31. அவர் நின்ற இடத்தை 'ரெவிஸ் தீவு' என்று சொன்னதில் மிகையே இல்லை.

அந்த மாஸ் ஆட்டத்தை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பந்தை விட்டுவிட்டு ரெவிஸின் காலை மட்டும் பாருங்கள். ரிசீவர் தலையை ஆட்டுவார், தோளை ஆட்டுவார், ரெவிஸ் அசையமாட்டார். இடுப்பு திரும்பினால்தான் இவரும் திரும்புவார். முதல் 5 யார்டுக்குள்தான் ரிசீவர் மேல் கை வைத்துத் தடுக்கலாம், அதைத் தாண்டினால் நடுவரின் ஃபிளாக் விழும், அதாவது தண்டனை. அந்த 5 யார்டுக்குள்ளேயே ஆளை எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுக்கிவிடுவார். அப்புறம் பந்து வந்து விழ அங்கே இடமே இருக்காது.

ஷெர்மனின் வேலை வேறு. அவருடைய சியாட்டில் அணி பெரும்பாலும் பின்புறத்தை மூன்றாகப் பிரித்துக் காத்தது. நடுவில் சேஃப்டி எர்ல் தாமஸ், இடது ஓரத்தில் ஷெர்மன். ரிசீவர் இடம் மாறினாலும் இவர் மாறுவது அபூர்வம். 6 அடி 3 அங்குல உயரம், நீண்ட கை, ஸ்டான்ஃபோர்டில் முதலில் ரிசீவராக ஆடிய அனுபவம். அதனால் பந்து எங்கே இறங்கும் என்பது ரிசீவருக்குத் தெரிவதற்கு முன்பே இவருக்குத் தெரிந்துவிடும். 2014 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான அரையிறுதியின் கடைசி நொடிகளில், எதிரணி ரிசீவர் கிராப்ட்ரீக்கு வந்த பந்தைத் தாவித் தட்டி சக ஆட்டக்காரர் மால்கம் ஸ்மித் கைக்கு அனுப்பினாரே, அந்தத் தட்டலை ரெவிஸால் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ரெவிஸ் 5 அடி 11 அங்குலம்தான்.

ஆனாலும் ஓர் ஓரத்தைக் காப்பதைவிட, ஒரு ரிசீவரை மைதானம் முழுக்கத் துணையின்றிப் பின்தொடர்ந்து தடுப்பது கடினம். அதனால்தான் ரெவிஸ்.

கேள்வி: என் மகன் கார்னராக ஆட ஆரம்பித்திருக்கிறான். இருவரில் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்?

பதில்: ஷெர்மனை. ரெவிஸின் இடுப்பும் காலும் எல்லோருக்கும் வாய்க்காது. என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஷெர்மன் ஐந்தாம் சுற்றில், 154ஆவது ஆளாகத் தேர்வானவர். மின்னல் வேகக்காரர் அல்ல. ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வந்ததும் அவர் உடனே பின்னோக்கி ஓடமாட்டார். ஒரு சின்ன அடி வைத்து, ரிசீவர் எந்தப் பக்கம் போகிறார் என்று முடிவாகும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் காலைப் பின்னால் வீசுவார். அந்த ஓர் அடியை மட்டும் ஒரு மாதம் பழகச் சொல்லுங்கள்.