ஊக்கமருந்து ஆராய்ச்சி: மருந்து கொடுக்கிற வேலையா, பிடிக்கிற வேலையா?

வணக்கம் அம்மா. மாவட்ட அளவில் 400 மீட்டர் ஓடும் உங்கள் மகள், ப்ளஸ் டூ முடித்ததும் ஊக்கமருந்து ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். அது மருந்து கொடுக்கிற வேலையா, எடுத்தவர்களைப் பிடிக்கிற வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் படிப்பு வேறு, வேலை கிடைக்கும் வாய்ப்பும் வேறு.

கொடுத்துப் பார்ப்பதை முதலில் சொல்கிறேன். அவளை இழுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். 1996-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 43 ஆண்களை நான்கு பிரிவாக்கினார்கள். பாதிப் பேருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. மொத்தம் 10 வாரம். ஊசியோடு எடைப் பயிற்சியும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை 6 கிலோ கூடியது. மருந்தில்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு 3 கிலோ! ஜிம்மில் எல்லோரும் பேசிக்கொண்டதை மருத்துவ உலகம் அதுவரை ஒத்துக்கொள்ளத் தயங்கிக்கொண்டிருந்தது.

நேர்மாறான கதையும் உண்டு. 2017-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், நன்கு பயிற்சி பெற்ற 48 சைக்கிள் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாதிக்கு எட்டு வாரம் இபிஓ கொடுத்தார்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் மருந்து அது. கடைசியில் பிரான்சின் மோன் வான்தூ மலையில் எல்லோரையும் ஏறவிட்டார்கள். இரு தரப்புக்கும் நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், போட்டிகளில் ஓடுகிற வீரருக்கு ஆய்வுக்காகக்கூட இவற்றைக் கொடுக்க முடியாது. சோதனையில் மாட்டினால் அவருக்குத்தான் தடை. உச்ச நிலை வீரர்களிடம் இந்த மருந்துகள் என்ன செய்தன என்பதற்குப் பெரிய ஆதாரம், அரசே வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த கிழக்கு ஜெர்மனியின் ரகசிய ஆவணங்கள்தான். பெர்லின் சுவர் விழுந்த பிறகு உயிரியல் விஞ்ஞானி வெர்னர் ஃபிராங்கேயும், அவர் மனைவியும் முன்னாள் வட்டு எறிதல் வீராங்கனையுமான பிரிகிட்டே பெரன்டோங்கும் அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். பதின்வயதுப் பெண்களுக்கும் ஓரல் டூரினபோல் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, குரல் கட்டையாவது உட்பட எல்லாவற்றையும் டாக்டர்களே குறித்து வைத்திருந்தார்கள். உங்கள் மகள் முதலில் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

நம் நாட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அபூர்வம். நுழையவே எம்.டி. மருந்தியலோ பிஎச்.டி.யோ வேண்டும். இதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

பிடிக்கிற வேலை முழுக்க வேதியியல். டெல்லியில் தேசிய ஊக்கமருந்து பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது. 2019-ல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை அதன் அங்கீகாரத்தை நிறுத்திவைத்து, 2021 டிசம்பரில் திரும்பக் கொடுத்தது. அங்கே இடங்கள் குறைவு. ஆனால் சிறுநீரில் மருந்தின் சுவடு தேடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியைத்தான் மருந்து கம்பெனிகளும் உணவுப் பரிசோதனைக் கூடங்களும் தடய அறிவியல் துறையும் வைத்திருக்கின்றன. அதை ஓட்டத் தெரிந்தவளுக்கு டெல்லி கிடைக்காவிட்டால் சென்னையிலோ ஹைதராபாத்திலோ வேலை உண்டு. வீரர்கள் தரப்பிலிருந்து மிரட்டல் வருமா என்று பயந்திருக்கிறீர்கள். ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் சீல் வைத்து வரும் மாதிரியில் பெயரே இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று ஆய்வகத்தில் இருப்பவருக்கே தெரியாது.

அதனால் என் ஓட்டு பி.பார்முக்கு. பிறகு எம்.பார்மில் மருந்தியல் எடுத்து பிஎச்.டி. வரை போனால் முதல் வழி, மருந்துப் பகுப்பாய்வு எடுத்தால் இரண்டாவது வழி. முடிவை நான்கு வருஷம் தள்ளிப்போடலாம், அதுவே பெரிய வசதி. விளையாட்டு அறிவியல் பட்டம் பயிற்சித் துறைக்கு நல்லது, ஆய்வகத்துக்கு அவ்வளவாக உதவாது.

அப்புறம், அவள் இன்னும் ஓடுகிறாள் இல்லையா? ஜிம்மில் யாராவது கொடுக்கும் புரோட்டீன் பவுடரை வாங்கிக் குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தடை செய்த மருந்து கலந்திருந்தால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லி எளிதில் தப்பிக்க முடியாது.

தமிழ்நாட்டில் பி.பார்முக்கு நீட் தேவையில்லை, ப்ளஸ் டூ மதிப்பெண் போதும். கலந்தாய்வு பெரும்பாலும் கலைக் கல்லூரிச் சேர்க்கைக்குப் பிறகுதான் வரும். எதற்கும் பி.எஸ்சி. வேதியியலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.