மின்சாரக் காரின் 0–100 நேரத்தை நாமே சரியாக அளப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான்: நெக்ஸான் இவி 40.5 கிலோவாட் அவர் மாடல் நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட 8.9 நொடி என்று டாடா சொன்னது, போனில் ஆப் போட்டுப் பார்த்தால் ஒருநாள் அதைவிடக் குறைவாகவும் மறுநாள் ஒரு நொடி கூடுதலாகவும் காட்டுகிறது, எதை நம்புவது? நான் ஓட்டுவதும் இந்த 9 நொடி வகையறா மின்சாரக் கார்தான். அதன் பிக்கப்பை அளந்து பார்ப்பதில் எனக்குத் தீராத ஆர்வம் உண்டு.

முதலில் அந்த ஆப்பை விட்டுவிடுங்கள். பெரும்பாலான போன்களின் ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு தடவைதான் வேகத்தைத் தரும். கார் நகர ஆரம்பித்த நொடியும் நூறைத் தொட்ட நொடியும் இரண்டு பதிவுகளுக்கு நடுவில் எங்கோ விழும்போது, தசம எண்ணுக்கு அர்த்தமே இல்லை. போனுக்குள் இருக்கும் முடுக்கமானியை வைத்துக் கணக்கிடும் ஆப்கள் இதைவிட மோசம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் காரின் மூக்கு தூக்கும். 2 டிகிரி தூக்கினாலே புவியீர்ப்பில் ஒரு பங்கு முன்னோக்கிய முடுக்கத்தோடு சேர்ந்துகொள்கிறது. 9 நொடிக் காருக்கு அது பத்து சதவீதத்துக்கும் மேல். உங்கள் ஆப் காட்டும் நல்ல எண்களில் ஒரு பகுதி இப்படி வந்ததாகவே இருக்கும்.

டிராகி மாதிரியான சின்ன ஜிபிஎஸ் பெட்டி ஒன்று போதும். நொடிக்கு 10 தடவை பதியும். அது வேகத்தைக் கண்டுபிடிப்பது இடத்துக்கு இடம் தூரத்தை வகுத்து அல்ல. செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண் மாறுவதை, அதாவது டாப்ளர் விளைவை வைத்து. அதனால்தான் அதன் வேகக் கணக்கு அவ்வளவு துல்லியம். நம் ஆட்டோ பத்திரிகைகள் ரேஸ்லாஜிக் கம்பெனியின் விபாக்ஸை வைத்துச் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான், கருவிதான் விலை கூடியது. பெட்டியை டேஷ்போர்டில் கண்ணாடிக்கு அருகே வைத்துவிட்டு, செயற்கைக்கோள்கள் பிடிபடும் வரை ஓரிரு நிமிடம் நிதானமாகக் காத்திருங்கள். மேம்பாலத்துக்கு அடியில், மரங்கள் கவிந்த சாலையில், உயரக் கட்டடங்களுக்கு நடுவில் அளக்காதீர்கள்.

பெட்டி வாங்க மனமில்லை என்றால் ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுத்து ஃபிரேம் எண்ணலாம். ஆனால் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பதுதான் விதி. ஐ.நா.வின் 39ஆம் ஒழுங்குவிதி 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை கூடுதலாகக் காட்ட இடம் கொடுக்கிறது. முள் நூறைக் காட்டும்போது கார் 95ல்தான் போய்க்கொண்டிருக்கும் என்பது சாதாரணம். ஆகவே சீரான வேகத்தில் போகும்போது, ஜிபிஎஸ் 100 என்று சொல்கிற இடத்தில் ஸ்பீடோமீட்டர் என்ன காட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது 105 என்றால், வீடியோவில் 105 வரை எண்ணுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது? அமெரிக்காவில் பல பத்திரிகைகள் கார் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்கும். இதற்கு ரோல்அவுட் என்று பெயர். டிராக் ரேஸ் எனும் நேர்கோட்டுப் பந்தயத்தின் ஓடுபாதையில் முன்சக்கரம் ஒளிக்கற்றையைத் தாண்டி வெளியேற ஏறத்தாழ அவ்வளவு தூரம் ஆகும் என்பதால் வந்த பழக்கம். நின்ற இடத்திலிருந்து புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்தோடு கிளம்பும் கார் அந்த 30 சென்டிமீட்டரைக் கடக்க 0.35 நொடி எடுக்கும், அதற்குள் 6 கி.மீ. வேகத்தையும் தொட்டிருக்கும். அதாவது 0–100 என்று எழுதியிருப்பது நிஜத்தில் 6–100. டெஸ்லா தன் மாடல் எஸ் பிளெய்டு 0–60 மைல் வேகத்தை எட்டச் சொன்ன 1.99 நொடி இப்படி ரோல்அவுட்டைக் கழித்த கணக்குதான், அடிக்குறிப்பில் அவர்களே சொன்னார்கள். 2021ல் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அதைச் சோதித்தபோது, பிசின் தெளித்துப் பிடிமானம் ஏற்றிய டிராக் பாதையில் 1.98ம், சாதாரணத் தார்ப்பாதையில் 2.07ம் வந்தது. இரண்டுமே ரோல்அவுட் கழித்தவை. இன்னொன்று, அவர்களுடைய 60 மைல் என்பது 96.6 கி.மீ.தான். கடைசி மூன்றரை கி.மீ. வேகத்துக்கு நம் 9 நொடிக் கார் கிட்டத்தட்ட அரை நொடி எடுத்துக்கொள்ளும். பெட்டியின் செட்டிங்கில் ரோல்அவுட்டை அணைத்து வையுங்கள், நமக்கு அது வேண்டாம்.

சாய்வு கண்ணுக்குத் தெரியாது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சாலை சமதளம் போலத்தான் இருக்கும், ஆனால் 9 நொடியில் கால் நொடிக்கு மேல் குறைத்துவிடும். ஒரே இடத்தில் போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுத்தால் சாய்வும் காற்றும் பெருமளவு சரியாகிவிடும். எடையும் அப்படித்தான். 1500 கிலோ காரில் 75 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் 0.4 நொடி போச்சு. ஏசியை அணைத்து வைப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அது இழுப்பது மோட்டாரின் சக்தியில் சில சதவீதம் மட்டுமே.

பெட்ரோல் காரில் இல்லாத விஷயம் பேட்டரியின் நிலை. பேட்டரியிலிருந்து வரும் சக்தி மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய அளவு. என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வகை செல்லில் சார்ஜ் இறங்க இறங்க மின்னழுத்தமும் இறங்கிக்கொண்டே வரும், எனவே 90 சதவீதத்தில் கிடைத்த எண் 30ல் கிடைக்காது. நெக்ஸானிலும் பிஒய்டி கார்களிலும் இருக்கும் எல்எஃப்பி (லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்) வகை செல்லில் நடுப்பகுதி முழுக்க மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஆனால் அடிமட்டத்துக்கு வந்ததும் பேட்டரியைக் காக்க மின்னோட்டத்தையே கட்டுப்படுத்திவிடுவார்கள். வேகச் சார்ஜரிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தாலும் எண் மாறலாம். போர்ஷே 2019ல் டைகானை 0–200 கி.மீ. வரை 26 தடவை தொடர்ந்து ஓட்டிக் காட்டியது. மிக வேகமான ஓட்டத்துக்கும் மிக மெதுவானதற்கும் 0.8 நொடிதான் வித்தியாசம். அவர்கள் பெருமையாகக் காட்டியது வேகத்தைக் காட்டிலும் அந்தச் சூடு தாங்கும் திறனை. எனக்கும் ஒரு காரைப் பற்றிச் சொல்வதற்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஓடி முடித்ததும் பெட்டி வரையும் வேகக் கோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு சிறு பள்ளம் தெரிந்தால், முன்சக்கரம் வழுக்கி டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்தியை வெட்டியிருக்கிறது. அங்கே தீர்மானிப்பது மோட்டார் இல்லை, டயர். பிறகு கோடு நேராக ஏறி, ஓரிடத்தில் மெல்ல வளையும். அதுவரை முறுக்குவிசை மாறாமல் இருந்தது, அதற்குப் பிறகு சக்திதான் எல்லை. ஒரே ஒரு நொடிக் கணக்கைவிட இந்தக் கோடு காரைப் பற்றி அதிகம் சொல்லும்.

எங்கே அளப்பது? பொதுச் சாலையில் வேண்டாம், தயவுசெய்து. 9 நொடிக் கார் நூறைத் தொடுவதற்கே 140 மீட்டர் அளவு ஓடும், பிறகு நிற்கவும் தனியாக இடம் வேண்டும். ஈசிஆரில் அதிகாலையில் சாலை காலியாகத் தெரியும், திடீரென்று சைக்கிளில் மீன்கூடையோடு ஒருவர் குறுக்கே வருவார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் டிராக் டே, அதாவது சொந்தக் காரை டிராக்கில் ஓட்ட விடும் நாள், நடக்கும்போது விசாரித்துப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்திலேயே பந்தயம் நடத்திய ஊர் இது.

கடைசியாக, 0–100ஐ மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். சிக்னலில் நின்ற காரை நூறு வரை முழு மிதியில் விரட்ட நமக்கு எங்கே வாய்ப்பு வருகிறது? தினசரி வேண்டியது 40–80. இருவழிச் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் 40ல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், ஓவர்டேக் செய்ய வேண்டும். நல்ல சார்ஜில் மூன்றரை நொடியில் முடியும் வேலை, சார்ஜ் இறங்கியபோது ஐந்து நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலான அந்த ஒன்றரை நொடியில், எதிரே 80ல் வரும் பேருந்து 33 மீட்டர் நெருங்கியிருக்கும். எனவே 80 சதவீத சார்ஜில் ஒருமுறை, 15 சதவீதத்தில் ஒருமுறை, வழக்கமாக உங்களோடு வருபவர்களின் எடையைக் காரில் ஏற்றிக்கொண்டு 40–80ஐ அளந்து பாருங்கள். ஸ்போர்ட் மோடில் மட்டும் இல்லாமல், நீங்கள் அன்றாடம் ஓட்டும் மோடிலும்.