நீர் மாத்திரை சாப்பிட்டால் பொட்டாசியம் ஏன் குறைகிறது?

"கால் வீக்கத்துக்கு அப்பா ஃபுரோசமைட் என்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறார். பலதுறை மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் பொட்டாசியம் பார்க்கிறார்களே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது என் சித்தப்பாவும் இதையேதான் கேட்டார்.

சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, பெரும்பகுதியை மீட்டுக்கொள்கிறது. சிறுநீரகக் குழாயின் ஒரு பகுதியான ஹென்லே வளைவில் சோடியத்தை மீட்கும் கடத்திப் புரதத்தை இம்மாத்திரை அடைத்துவிடுகிறது. மீளாத சோடியம் குழாயின் கடைப்பகுதிக்குப் போகிறது. அங்கே சோடியம் உள்ளே வர, பொட்டாசியம் சிறுநீரில் இறங்குகிறது.

அது இறங்கும் வாசல்களில் முக்கியமானது ரோம்கே என்ற அயனிக் கால்வாய், அதாவது பொட்டாசியம் கடந்துசெல்லும் புரதத் துளை. எலியின் சிறுநீரகத்திலிருந்து அதன் மரபணுவை 1993இல் பிரித்தெடுத்தது அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீவன் ஹெபர்ட்டின் குழு. தையசைடு என்ற இன்னொரு வகை நீர் மாத்திரைகள் தடுக்கும் கடத்தியையும் அதே ஆண்டில் அவர்களே கண்டுபிடித்தார்கள், அதுவும் ஒரு தட்டைமீனின் சிறுநீர்ப்பையில்! மருந்து வேலை செய்வது அதற்கு முன்பே தெரியும். எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பது அப்போதுதான் துலங்கியது. பிறவியிலேயே உப்பை இழக்கும் பார்ட்டர் நோய்க்கும் ரோம்கேயின் பழுது ஒரு காரணம்.

அப்பாவுக்கு நீங்களாக வாழைப்பழத்தைக் கூட்டிவிடாதீர்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் ஏறினாலும் ஆபத்துதான்.