அப்ளிசியா: செரோடோனினின் வேலை என்ன?

அப்ளிசியா என்ற கடல் முயலின் (ஒரு கடல் நத்தை வகை) உறிஞ்சுகுழலைத் தொட்டால் செவுள் சுருங்குகிறது. அந்தத் தகவலை நரம்பு செல்களுக்கிடையே (நியூரான்கள்) கடத்துவது குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் என்றால், இன்னொரு நரம்பு வேதிப்பொருளான செரோடோனினுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். படிக்கும்போது நானும் இதே இடத்தில்தான் திணறினேன்.

செரோடோனின் அந்த அனிச்சைச் செயலுக்கான தகவலைச் சுமப்பதில்லை, அதன் வலிமையைக் கூட்டுகிறது. வாலில் அதிர்ச்சி கொடுத்தால் நடுவே இருந்து தொடர்பு தரும் இடை நியூரான்கள் செரோடோனினை உணர்வு நியூரானின் முனையில் சுரக்கின்றன. அந்த முனையின் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு உயர்கிறது. அது தூண்டும் புரதக் கைனேஸ் ஏ என்ற நொதி சில பொட்டாசியம் வாயில்களை மூட வைக்கிறது. பொட்டாசியம் வெளியேறுவது குறைவதால் மின்துடிப்பு சற்று நீள்கிறது. அந்தக் கூடுதல் நேரத்தில் கால்சியம் அதிகம் நுழைந்து, குளுட்டமேட்டும் அதிகம் வெளியாகிறது. இந்த ஒரு படி புரிந்தால் மீதி தானாக விளங்கும்.

சரி, இந்த வலுவூட்டல் எவ்வளவு நேரம் நீடிக்கும்? வளர்ப்புத் தட்டில் வைத்த நியூரான்களுக்கு ஒருமுறை செரோடோனின் கொடுத்தால் சில நிமிடங்கள். இடைவெளி விட்டு 5 முறை கொடுத்தால் ஒரு நாளைத் தாண்டும். மரபணுக்கள் இயங்கிப் புதிய இணைப்புகளே முளைக்கின்றன. எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான். நரம்பியல் ஆய்வாளர் எரிக் கேண்டலுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த வழி ஆய்வுகளுக்காகத்தான்.

அப்புறம், எஃப்எம்ஆர்எஃப்அமைடு என்ற பெப்டைடையும் (சிறு புரதத் துணுக்கு) பாருங்கள். அது அதே வாயில்களைத் திறந்து இணைப்பைத் தளர்த்துகிறது.