கண்ணப்பர் கதையைப் படமாக்கும்போது ஏன் புதுக் காட்சிகள் சேர்க்கிறார்கள்?

அடியார் ஒருவரின் கதையைத் திரையில் சொல்வது பக்திப் படங்களில் ஒரு வகை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடிய, வேடராகப் பிறந்த சிவனடியார் கண்ணப்பரின் வழிபாடு, காளத்தி மலையில் ஆறே நாளில் முடிந்துவிடும். அதுவும் பாதி அவர் மனசுக்குள் நடக்கிறது. மனசைக் கேமராவில் பிடிக்க முடியாது. அதனால் ஊர், பகை, சண்டை என்று சேர்க்கிறார்கள்.

சிங்கப்பூரில் தைப்பூசத்தில் சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோட்டுக்குப் போகும் காவடிகளைப் பாருங்கள். மயிலிறகும் அலங்காரமும் ஆளுக்கு ஆள் மாறும், முருகன் ஒருவரே. படத்தில் சேர்க்கும் காட்சிகளும் அந்த அலங்காரம் போலத்தான். ஆனால் திண்ணனார் (கண்ணப்பரின் இயற்பெயர்) வாயில் தேக்கி வந்த நீரை லிங்கத்தின்மேல் உமிழும் காட்சியை மட்டும் கூச்சப்பட்டு மாற்றிவிடக் கூடாது. கதையின் உயிரே அதுதான்.

லிங்கத்தின் கண்ணில் வழிந்த ரத்தத்தை நிறுத்த, பலர் நினைப்பதுபோல் கண்ணப்பர் தன் இரண்டு கண்ணையும் தோண்டவில்லை; இரண்டாவதற்கு அம்பை வைத்தபோதே "நில்லு கண்ணப்ப" என்று இறைவன் கையைப் பிடித்துவிட்டார்.