சூப்பர் பணத்தில் கடன் வாங்கி யூனிட் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் சிட்னியில் டூங்காபியில் இருக்கிறோம். எனக்கு 46 வயது, மனைவிக்கு 43. ஆண்டுச் சம்பளம் எனக்கு 110,000 டாலர், அவருக்கு 70,000. இருவருடைய சூப்பரையும் (ஓய்வுக்கால சேமிப்பையும்) சேர்த்தால் 340,000 டாலர் இருக்கிறது. வீட்டுக் கடன் இன்னும் 480,000 பாக்கி. நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் அறிமுகமான ஒருவர், சொந்தமாக எஸ்எம்எஸ்எஃப் (நாமே நடத்தும் சூப்பர் ஃபண்டு) ஆரம்பித்து, அந்த ஃபண்டின் பேரில் கடனும் எடுத்து, வெஸ்ட்மீட் பக்கம் கட்டப்போகும் அடுக்குமாடியில் 700,000 டாலருக்கு ஒரு யூனிட் வாங்கச் சொல்கிறார். வாரம் 620 டாலர் வாடகை வருமாம். "உங்கள் கையிலிருந்து ஒரு சதம்கூட வேண்டாம், எல்லாவற்றையும் நாங்களே முடித்துத் தருகிறோம்" என்கிறார். யூனிட்டைப் பிடித்துவைக்க 2,000 டாலர் கேட்டார், கட்டிவிட்டேன். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மகன் பல்கலைக்கழகம் போகும்போது அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று ஓர் எண்ணமும் இருக்கிறது. செய்யலாமா?

பதில்: மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தங்க முடியாது. முழு வாடகை கொடுத்தாலும் முடியாது. ஃபண்டு வாங்கும் குடியிருப்பு வீட்டில் நீங்கள், உங்கள் மனைவி, பிள்ளைகள், அண்ணன் தம்பி, மாமா சித்தப்பா யாரும் குடியிருக்கக் கூடாது. விடுமுறைக்கு இரண்டு நாள் போய்ப் படுத்து எழுந்தாலும் தப்புதான். சொந்தக்காரர்களிடமிருந்து ஃபண்டுக்கு வீடு வாங்குவதும் இதே போலத்தான், சந்தை விலை கொடுத்தாலும் சட்டம் விடாது. சூப்பர் பணம் ஓய்வுக்காலத்துக்கு மட்டும் என்பதுதான் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. மீறினால் டிரஸ்டியாக (ஃபண்டை நடத்தும் பொறுப்பாளராக) இருக்கும் உங்களுக்கு அபராதம். விஷயம் முற்றினால் ஃபண்டு தன் வரிச்சலுகையையே இழந்து 45 சதவீத வரிக்குள் போய்விடும். இந்த ஒரு விஷயத்தைக்கூட அந்த மனிதர் உங்களிடம் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அவரிடம் வருகிறேன்.

சரி, கடன். சூப்பர் ஃபண்டு கடன் வாங்கக் கூடாது என்பதுதான் பொது விதி. 2007-ல் அதில் ஒரு கதவைத் திறந்தார்கள், 2010-ல் அந்தக் கதவுக்கு இன்னும் கறாரான பூட்டுப் போட்டார்கள். 2014-ல் டேவிட் மர்ரே தலைமையில் நடந்த நிதித்துறை விசாரணை, கதவையே மூடிவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. அரசு கேட்கவில்லை. அதனால் இன்றும் வழி இருக்கிறது, ஆனால் சுற்றுவழி. வீடு நேராக ஃபண்டின் பெயரில் இருக்காது. தனியாக ஒரு பேர் டிரஸ்ட் (bare trust, ஃபண்டுக்காகச் சொத்தைப் பெயரளவில் வைத்திருக்கும் ஏற்பாடு) வைத்து, அதற்கு ஒரு கம்பெனியை டிரஸ்டியாகப் போட்டு, அதன் பெயரில் வாங்க வேண்டும். கடன் தீர்ந்த பிறகு ஃபண்டின் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஃபண்டுக்கும் டிரஸ்டியாக ஒரு கம்பெனி வேண்டும் என்று கடன் கொடுப்பவர்கள் கேட்பார்கள். ஆக, ஒரு யூனிட்டுக்கு இரண்டு கம்பெனி, இரண்டு டிரஸ்ட் (ஃபண்டும் ஒரு டிரஸ்ட்தான்). இதில் எது எப்போது கையெழுத்தாக வேண்டும் என்ற வரிசை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒப்பந்தத்தில் பெயர் தவறாக விழுந்தால் முத்திரைத் தீர்வையை இரண்டு முறை கட்ட வேண்டி வரலாம்.

ஒரு கடனுக்கு ஒரு சொத்துதான் என்பது இன்னொரு விதி. யூனிட் ஒரு பத்திரத்திலும் கார் நிறுத்தும் இடம் வேறு பத்திரத்திலும் இருந்து, இரண்டையும் தனித்தனியாக விற்க முடியுமென்றால், அது இரண்டு சொத்து. ஒரே கடனில் அடங்காது. கடன் பணத்தில் பழுது பார்க்கலாம், மேம்படுத்த முடியாது. உடைந்த சமையலறையைச் சரிசெய்வது பழுது, புதிதாக ஓர் அறை கட்டுவது மேம்பாடு. வெற்று மனையைக் கடனில் வாங்கி, கடன் தீருமுன் அதில் வீடு கட்டுவதும் நடக்காது. அது வேறொரு சொத்தாகிவிடும்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். கடன் கொடுப்பவர் விலையில் 70 சதவீதம் தருகிறார் என்று வைப்போம், 490,000 டாலர். மீதி 210,000 ஃபண்டிலிருந்து போக வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 700,000 டாலருக்கு முத்திரைத் தீர்வை சுமார் 26,000. வழக்கறிஞர், இரண்டு கம்பெனி, டிரஸ்ட் பத்திரங்கள், கடன் தொடங்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து 10,000 என்று போடுகிறேன். மொத்தம் 246,000. ஃபண்டில் மிஞ்சுவது 94,000.

வருடத்தில் இரண்டு வாரம் காலியாகக் கிடந்தால் வாடகை 31,000. ஸ்ட்ராட்டா (அடுக்குமாடியின் பொதுப் பராமரிப்புக் கட்டணம்), கவுன்சில் வரி, தண்ணீர், ஏஜென்ட் கமிஷன், காப்பீடு, சில்லறைப் பழுது என்று 11,000 கழித்தால் கையில் நிற்பது 20,000. கடனுக்கு 7 சதவீத வட்டி, 30 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 3,260, வருடத்துக்கு 39,100. வெஸ்ட்பேக்கும் காமன்வெல்த் வங்கியும் 2018-லேயே இந்த வகைப் புதுக்கடனை நிறுத்திவிட்டன. இப்போது பெரும்பாலும் வங்கியல்லாத கடன் நிறுவனங்களிடம்தான் போக வேண்டும், உங்கள் வீட்டுக் கடன் வட்டியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஃபண்டின் கணக்கு வழக்கு, ஆண்டுத் தணிக்கை, வரி அலுவலகத்தின் 259 டாலர் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னொரு 3,500.

வரவு 20,000, செலவு 42,600. துண்டு 22,600. இதை யார் அடைப்பது? உங்கள் இருவருக்கும் வேலை கொடுத்திருக்கும் கம்பெனிகள் போடும் 12 சதவீத சூப்பர்தான். அது வருடத்துக்கு 21,600. வாடகை நஷ்டத்தை அதில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதற்கான 15 சதவீத வரி கொஞ்சம்தான் வரும், ஏறத்தாழ 21,000 நிற்கும். "கையிலிருந்து ஒரு சதம் வேண்டாம்" என்று சொன்னாரே, அதன் பொருள் இதுதான். உங்கள் ஓய்வுக்கால சேமிப்பு முழுவதும் வருடா வருடம் அந்த யூனிட்டுக்குள் போகும், அதுவும் போதாமல் இருப்பிலிருந்து கொஞ்சம் கரையும். மனைவி ஒரு வருடம் வேலையை விட்டால் 8,400 குறையும். கட்டடத்தில் விரிசல் என்று ஸ்ட்ராட்டா சிறப்புக் கட்டணம் கேட்டால், அதுவும் அந்த 94,000-லிருந்துதான். வாடகையும் சம்பளமும் வருடத்துக்கு வருடம் ஏறும், நிலைமை மெல்லச் சீராகும், மறுக்கவில்லை. ஆனால் முதல் ஐந்தாறு வருடம் மூச்சு முட்டும்.

உங்களுக்கு 60 வயதாகும்போது கடனில் இன்னும் சுமார் 376,000 பாக்கி இருக்கும். பென்ஷன் எடுக்க ஆரம்பித்தால் 65 வயதுக்குள் ஆண்டுக்குக் குறைந்தது 4 சதவீதம் பணமாக வெளியே எடுத்தாக வேண்டும். தேவைக்கு ஒரு குளியலறையை மட்டும் விற்க முடியுமா? பென்ஷன் கட்டத்தில் விற்றால் லாபத்துக்கு வரியே இல்லை என்று ஆசை காட்டுவார்கள். உண்மைதான், பென்ஷனுக்கு மாற்றிய தொகை சட்ட வரம்புக்குள் இருந்தால் இல்லை. அதற்கு முன்னால் விற்றால்கூட ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு 10 சதவீதம்தான். ஆனால் லாபம் வந்தால்தானே வரி.

லாபம் எவ்வளவு வர வேண்டும் என்றும் பார்த்துவிடலாம். அந்த 246,000-ஐ இப்போதிருக்கும் ஃபண்டிலேயே விட்டுவைத்து, செலவும் வரியும் போக 6.5 சதவீதம் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். வருடம் 16,000. யூனிட் பக்கம் வட்டி, செலவு, வாடகை, வரிச்சலுகை எல்லாம் பார்த்தால் முதல் வருட நஷ்டம் 15,000. ஆக, யூனிட் விலை 31,000 ஏறினால்தான் இரண்டும் சமம். அது 4.4 சதவீதம். நுழையும்போதே போன 36,000-ஐப் பத்து வருடத்தில் பிரித்தால் இன்னும் அரை சதவீதம் சேரும். வருடா வருடம் ஏறக்குறைய 5 சதவீதம், அதுவும் சுற்றிலும் இதே மாதிரி யூனிட்டுகளாகக் கட்டிக்கொண்டே இருக்கும் இடத்தில். சிட்னியில் தனி வீட்டு விலை ஏறியதைப் பார்த்துவிட்டு யூனிட்டுக்குக் கணக்குப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஃபண்டின் 794,000 டாலர் சொத்தில் 700,000 ஒரே யூனிட்டில் இருக்கும், 88 சதவீதம். 2019-ல் வரி அலுவலகம் ஒரே வகைச் சொத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்த சுமார் 17,700 ஃபண்டுகளுக்குக் கடிதம் அனுப்பிக் கேள்வி கேட்டது. ஒரே சொத்தில் வைப்பது குற்றமல்ல. ஆனால் ஏன் வைத்தோம், பணமுடை வந்தால் என்ன செய்வோம், காப்பீடு பற்றி யோசித்தோமா என்பதை முதலீட்டுத் திட்டமாக எழுதி வைத்திருக்க வேண்டும். எழுத வேண்டியது நீங்கள், விற்பவர் அல்ல.

காப்பீடு என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போதிருக்கும் சூப்பர் ஃபண்டில் உயிர்க் காப்பீடும் நிரந்தர ஊனக் காப்பீடும் அநேகமாக இருக்கும். முழுப் பணத்தையும் எடுத்துவிட்டுக் கணக்கை மூடினால் அவை போய்விடும். 46 வயதில், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், புதிதாக எடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. பெரிய ஃபண்டில் திருட்டோ மோசடியோ நடந்தால் அரசின் இழப்பீட்டு ஏற்பாடு ஒன்று உண்டு. எஸ்எம்எஸ்எஃப்-க்கு அது கிடையாது.

இந்தக் கடனில் தவணை தவறினால் அந்த ஒரு சொத்தை மட்டும்தான் எடுக்க முடியும், ஃபண்டின் மற்றப் பணத்தைத் தொட முடியாது என்றும் அவர் சொல்லியிருப்பார். சட்டம் அப்படித்தான். அதனால்தான் கடன் கொடுப்பவர்கள் உங்களிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து வாங்குகிறார்கள். யூனிட்டை விற்றும் கடன் தீரவில்லை என்றால், மிச்சத்துக்கு உங்கள் டூங்காபி வீட்டுக் கதவைத் தட்டலாம். 480,000 கடனோடு நிற்கும் வீடு அது.

கட்டி முடியாத யூனிட் என்பதில் தனிச்சிக்கல். இன்று 10 சதவீதம் முற்பணம் கட்டிக் கையெழுத்துப் போடுவீர்கள். கடன் உறுதியாவதோ இரண்டு வருடம் கழித்து, கட்டடம் முடியும்போது. அன்று மதிப்பீட்டாளர் 640,000 என்று சொல்லிவிட்டால் 70 சதவீதம் 448,000 ஆகிவிடும். குறையும் 42,000-க்கு ஃபண்டின் இருப்பில்தான் கைவைக்க வேண்டும்.

இப்போது அந்த மனிதர். ஃபண்டு ஆரம்பிக்க ஓர் ஆள், கடனுக்கு ஓர் ஆள், யூனிட் விற்க ஓர் ஆள், எல்லாரும் ஒரே கூரையின் கீழ். இந்த மாதிரி ஒரே இடத்துச் சேவையைப் பற்றி ஏசிக் (நிதித்துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பல வருடமாக எச்சரித்து வருகிறது. 2018-ல் அது எஸ்எம்எஸ்எஃப் ஆலோசனை பெற்ற 250 வாடிக்கையாளர்களின் கோப்புகளை எடுத்துப் பார்த்தபோது, 91 சதவீதத்தில் வாடிக்கையாளர் நலனை முன்வைக்கும் சட்டக் கடமையை ஆலோசகர் சரியாக நிறைவேற்றவில்லை. அவர்களெல்லாம் உரிமம் வைத்திருந்தவர்கள். வீடு விற்கும் ஏஜென்டுக்கு எஸ்எம்எஸ்எஃப் ஆரம்பியுங்கள் என்று ஆலோசனை சொல்லவே உரிமம் கிடையாது. 2016 ஜூலைக்குப் பிறகு சாதாரண அக்கவுண்டன்டுக்கும் கிடையாது. நம் ஆட்கள், நம் மொழியில் பேசுகிறார், கோயிலில் பார்க்கிறோம் என்பதெல்லாம் உரிமம் ஆகாது.

அப்படியானால் இந்த ஏற்பாடு யாருக்குமே பொருந்தாதா? பொருந்தும். பெண்டில் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பல் மருத்துவர், கார் பழுது பார்ப்பவர் இவர்களுக்கு. முழுக்கத் தொழிலுக்கே பயன்படும் கட்டடமென்றால் விதி தலைகீழ். ஃபண்டு அதை வாங்கி உங்கள் சொந்தத் தொழிலுக்கே வாடகைக்கு விடலாம். ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கும் கடையைக்கூடச் சந்தை விலைக்கு ஃபண்டு வாங்கலாம். யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்த வாடகை உங்கள் ஓய்வுக்காலத்துக்குப் போகிறது, தொழிலுக்கு அது செலவுக் கணக்கு, ஃபண்டில் 15 சதவீதம் வரி. வாடகைக்கு இருப்பவர் காலி செய்துவிடுவார் என்ற பயமும் இல்லை. ஆனால் வாடகை சந்தை விலையில், எழுதிய ஒப்பந்தப்படி, மாதம் தவறாமல் வர வேண்டும். வியாபாரம் மந்தம், அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்று உங்களுக்கு நீங்களே சலுகை கொடுத்தால் அதுவும் மீறல். இப்படிப்பட்டவருக்கு ஃபண்டில் இருப்பும் தாராளமாக இருந்தால், செய்யுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் சம்பளக்காரர்கள். என் பதில், வேண்டாம். 2025-26-ல் வரிச்சலுகையோடு சூப்பரில் ஒருவர் போடக்கூடிய வரம்பு 30,000 டாலர். உங்கள் கம்பெனி போடுவது 13,200 தான். சூப்பர் இருப்பு 500,000-க்குக் கீழே இருப்பதால், கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்தாத வரம்பையும் சேர்த்துப் போட முடியும். மாதம் 400 டாலரைச் சம்பளத்திலிருந்து சூப்பருக்குத் திருப்பிவிட்டால், மெடிகேர் வரியோடு 32 சதவீதம் போகவேண்டிய இடத்தில் 15 போகும். அதற்கு மேல் மிஞ்சும் பணத்தை வீட்டுக் கடனின் ஆஃப்செட் கணக்கில் (அதில் இருக்கும் தொகைக்குக் கடன் வட்டி ஓடாது) போடுங்கள், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மகன் பல்கலைக்கழகச் செலவுக்கும் அது உதவும்.

அந்த 2,000 டாலர்: ஒப்பந்தம் கைமாறாத வரைக்கும் நியூ சவுத் வேல்ஸில் அது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். போனில் கேட்காதீர்கள், பேச்சில் உங்களை மடக்கிவிடுவார். வாங்கவில்லை, பணத்தை இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று இரண்டு வரி மின்னஞ்சல் இன்றைக்கே போடுங்கள். ஒருவேளை இதைப் படிப்பதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தால், கட்டி முடியாத வீட்டுக்குப் பத்து வேலைநாள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் விலையில் 0.25 சதவீதம், அதாவது 1,750 டாலர் போகும். போனால் போகட்டும்.